பொட்டளவு காந்தம்

காதுக்குப் பின்னே, தோலுக்கடியில், கேட்கும் கருவியைப் பிடித்துக்கொள்ளப் பொட்டளவு காந்தம் ஒன்று பதிப்போம் என்று டாக்டர் வரைந்து காட்டியதுமே, அவள் முடியாதென்று தலையசைத்துவிட்டாள்.

கத்திக்கு அஞ்சுகிறாள் என்று டாக்டர் எண்ணினார்.

உண்மை அருகிலிருந்த கணவருக்குத்தான் தெரியும். அவர் தையற்காரர், அவள் புவிகாந்த நிலையத்தின் அளவீட்டாளர்.

ஞாயிறு சீறும்போதெல்லாம் பூமியின் காந்தம் நடுங்கும். தாமே இயங்கும் கருவிகள் அந்த நடுக்கத்தைக் குறித்துக்கொள்ளும். ஆனால் அவையும் நாளடைவில் பிசகும். வாரந்தோறும் ஒருவர் கண்வைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.

நண்பகல் வானில் மின்சாரம் ஆறாய் ஓடும் காந்த நடுக்கோட்டருகே, அந்தக் கண் அவளுடையது. அவள் எண்கள் இல்லையேல், பல நாட்டார் கூடி வரையும் காந்தப்புயற்படத்தின் நட்டநடுவே ஓட்டை.

அவள் அளக்கும் அறை இரும்பு வாடையே அண்டக்கூடாதது. தலையில் காந்தத்தைச் சுமந்துகொண்டு அக்கருவிமேல் எப்படிக் குனிவது?

இடக்காது அடைத்து நெடுநாளாயிற்று. வலக்காதும் விடைபெற்றுக்கொண்டிருந்தது. கணவரின் உதட்டைப் படித்தே காலம் தள்ளினாள்.

"உன் பனிக்காரர்கிட்டயாவது ஒரு வார்த்தை கேளேன்" என்றார் அவர், உதடு தெளிய.

ஆண்டில் பாதி உறைந்துகிடக்கும் நாட்டின் அளவீட்டாளருக்குக் கணவர் இட்ட பட்டப்பெயர் அது. அந்த மனிதரின் முகத்தை அவள் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. எண்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தியே உடன்பிறந்தார்போல் ஆகியிருந்தார்கள்.

கைபேசியில் நிலைமையை எழுதினாள். அங்கே அவர் விழித்திருந்தார் போலும். பதில் உடனே வந்தது.

அதே காந்தம் தம் தலைக்குள் பல ஆண்டுகளாக இருக்கிறதாம். இத்தனை காலம் அவள் ஒப்பிட்டுவந்தவை எல்லாம் அவர் மனைவி பார்த்துச் சொன்ன எண்களாம். மனைவி உள்ளிருந்து உரக்கச் சொல்ல, எட்டி நின்று எழுதிக்கொள்வது மட்டுமே அவர் வேலையாம். மனைவி சொல்வது இப்போது தமக்குக் கேட்கிறது என்று முடித்திருந்தார்.

அவள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த அறையின் கூப்பிடு தூரத்துக்குக்கூட அவரை அவள் விட்டதில்லை.

பிறகு, காது டாக்டரின் எதிரே கண்ணைப் பற்றிக் கேட்டாள்.

"ஏங்க, பொடி எழுத்தெல்லாம் இன்னும் தெரியுதா உங்களுக்கு?"

அவர் சட்டைக் காலரில் செருகியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி, டாக்டரின் மேசைமேல் வைக்கத் தொடங்கினார்.