கடல் பக்க யன்னல்

ஓர்ஸ் ஹில்லின் அடிவாரத்தில், தண்ணீரை ஒட்டி நிற்கும் பழைய வீட்டுக்குள் சுண்ணாம்புத் தூசி பறக்கிறது. இனி இது அரசாங்கம் காக்கும் வீடு. ஒல்லாந்தர் கட்டினபடியே இருக்கவேண்டுமாம். பல வருசத்துக்கு முன் ஐவியின் மகன் ஹெக்டர் துறைமுகத்தில் மூழ்கிப்போன கிழமையே, புருசன் நிக்கலஸ் தன் கையால் கல் வைத்து அடைத்த யன்னலை வேலையாட்கள் உடைக்கிறார்கள். ஐவி கதிரையில் இருந்து ஒவ்வொரு அடியையும் கேட்கிறாள். கடைசிக் கல்லும் விழுகிறது.

"இவ்வளவு காலமும் இருட்டுக்குள்ள இருந்திட்டியளே அம்மா! வந்து பாருங்கோ, கடல் என்ன வடிவாய்த் தெரியுது" என்கிறார் உத்தியோகத்தர் யோகலிங்கம்.

"ஓம் தம்பி, வடிவுதான்."

ஐவி கதிரையை எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பிப் போடுகிறாள். அங்கே, படத்தில் சிரிக்கும் ஹெக்டரின் முகத்தைத் துறைமுகத் தண்ணீரின் வெளிச்சம் அலையலையாய் வந்து மூடுகிறது.