நெற்றிச் சுருக்கம்

அவள் கண்ணை விரித்தாள். இன்னும் கொஞ்சம் விரித்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சின்ன விளக்கை அவள் கருவிழிக்கு நேராகப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் அளவுகோல்.

"நேராப் பாருங்க. இமைக்காதீங்க."

இமைப்பாளா என்ன? வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று இதைத்தானே பழகிக்கொண்டிருந்தாள். புருவத்தை மேலே ஏற்றினால் இமையும் கூடவே ஏறிக்கொள்ளும். நெற்றி சுருங்குவது வெளியே தெரியாமல் இருக்க, முடியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வாரிக்கொண்டு வந்திருந்தாள். பலே கைகாரி.

புருவத்தை அமுக்கிக்கொண்டுதான் அளக்க வேண்டும். வெளியே கூட்டம். அளப்பவர் அவசரத்தில் அதை மறந்துவிட்டார்.

எல்லாம் டாக்டரம்மாவுக்காக.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு இமையும் பாதிக் கண் வரை தொங்கும். எதிரில் நிற்பவரைப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும். திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. மோவாயைத் தூக்கிக்கொண்டு சேலை காட்டினால் யாருக்குப் பிடிக்கும்? திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகுதான் டாக்டர் ரஹ்மத் நிஷாவிடம் வந்தாள்.

அந்த அம்மா இமைக்குள் போட ஒரு புதுத் தையலைக் கண்டுபிடித்திருந்தார். பாதிப் பேருக்குப் பழைய தையல், பாதிப் பேருக்குப் புதுத் தையல். ஒரு வருஷம் கழித்து எது நிற்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அந்த அளவு நாள்தான் இன்றைக்கு.

அவளுக்கு விழுந்தது புதுசு.

ஆபரேஷனுக்கு நடுவிலேயே அவளை எழுப்பி உட்கார வைத்து, கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். உயரம் சரிதானா என்று பார்க்க. திறந்தாள். மோவாய் இருந்த இடத்திலேயே இருந்தது. எதிரே, மாஸ்க்குக்கு மேலே, இரண்டு கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து அந்தக் கண்களுக்காக அவள் எதுவும் செய்வாள்.

ஆடி மாசத்தில் வலது இமை இறங்கத் தொடங்கியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. தையல் தோற்றால் அந்த அம்மா தோற்ற மாதிரி. அதற்கு இவள் கண்ணா சாட்சி சொல்வது?

"நல்லா நிக்குது," என்றார் அளப்பவர்.

கதவு திறந்தது.

தைத்தவர் அளக்கக் கூடாது. யாருக்கு எந்தத் தையல் என்று அளப்பவருக்குத் தெரியவும் கூடாது. அதனால் டாக்டரம்மா வாசலோடு நின்றார்.

"சங்கரவடிவு, சௌக்கியமா?"

வடிவு சிரித்தாள். முழுசாகச் சிரித்தால் புருவம் இறங்கிவிடும் என்ற பயத்தில் அரைகுறையாகச் சிரித்தாள்.

டாக்டரம்மா அந்த அரைச் சிரிப்பைப் பார்த்தார். பிறகு நெற்றியைப் பார்த்தார்.

உள்ளே வந்தார். அளவுகோலைத் தொடவில்லை. வடிவின் முன்முடியை ஒதுக்கி, கட்டைவிரலைப் புருவத்தின் மேல் வைத்து அமுக்கினார்.

வலது இமை இறங்கியது. பாதிக் கருவிழியில் வந்து நின்றது.

குட்டு உடைந்தது.

"இப்ப அளங்க."

அளந்தார். அளவைச் சொல்லிவிட்டு, குறித்துக்கொண்டு, வெளியே போனார்.

வடிவுக்கு அழுகை முட்டியது.

"மொத அளவையே எழுதச் சொல்லுங்க டாக்டரம்மா. நான் தூக்கிக்கிடுதேன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

"எழுதிரலாம். அதை நம்பி ஊர் ஊரா இதையே தைப்பாங்க. அவங்க எல்லாரும் உங்கள மாதிரி தூக்கிக்கிட்டே திரியணும். சரியா?"

குரலில் கோபம் இல்லை. அந்தத் தையலுக்காக எத்தனை வருஷத்து உழைப்பு! இமை இறங்கினால் கூடவே எது இறங்கும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அமுக்கினார்.

இப்படியும் ஒரு மனுஷி உண்டா என்று வடிவுக்கு மலைப்பாக இருந்தது. ஆபரேஷன் அன்று வந்த பிரியம் வேறு. இன்றைக்கு வந்தது வேறு.

"இந்தக் கண்ணைப் பழைய தையல் போட்டு நானே சரி பண்ணித் தாரேன்," என்றார் டாக்டரம்மா.

தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

வந்ததும் பகீர் என்றது.

பெஞ்சு நிறைய ஆட்கள். அதில் பாதிப் பேருக்குப் புருவம் நெற்றியில் ஏறியிருந்தது. அவர்கள் கண்ணும் கோலிக்குண்டாக விரிந்திருந்தது. காலையில் பேச்சுக் கொடுத்து, புதுத் தையல் விழுந்தவர்களாகத் தேடிப் பிடித்து, இந்த வித்தையை அவள்தான் பழக்கிவிட்டிருந்தாள்.

"இறக்குங்க அண்ணாச்சி," என்றாள் முதலில் இருந்தவரிடம். "எல்லாரும் இறக்குங்க. அந்தம்மாவுக்கு நெசந்தான் வேணுமாம்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு நெற்றியாகச் சுருக்கம் கலைந்தது.

வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நிற்கும் என்று அவர்கள் இமைகளையே பார்த்தாள்.