ஐந்தாவது பாட்டின் அலறல்

சைரனுக்குத் துரோகம் செய்தது சொந்த பேண்டின் கிதார்க்காரன்தான். ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டில் அவள் உயிரைக் கொடுத்துக் கத்தியதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் இரைச்சலை ஓடவிட்டிருந்தான்.

தொண்டை கிழியக் கத்துவதால் அவள் சைரன். பெயின்ட் டப்பாக்களைத் தட்டுபவன் டப்பா.

"கேட்டியா டப்பா? நாய் குரைக்கிறது இருக்கு. குழாய் சொட்டுறது இருக்கு. நீ தும்மினதுகூட இருக்கு. நான் மட்டும் இல்ல!"

"தும்மல் தாளத்துல விழுந்துச்சு," என்றான் டப்பா.

அவள் வீட்டுப் பின்னறையில், பழைய கேசட் ரெக்கார்டரில், ஒரே மைக் வைத்துப் பதிந்த, கத்தலும் இரைச்சலுமான பங்க் ராக் ஆல்பம் அது. எந்தச் சத்தம் விழுந்தாலும் அழிக்கக் கூடாது என்பது பேண்டின் சட்டம். சட்டம் போட்டவனே கிதார்க்காரன்!

அழிந்த பாட்டின் பெயர், 'இந்த வீட்டுக்குக் காது இல்லை'. அவள் அம்மாவைப் பற்றியது.

கொஞ்ச நாளாகவே கிதார்க்காரன் முழி சரியில்லை. போனை எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் நேரே சமையலறைக்குப் போய் அம்மாவிடம் குசுகுசுக்கிறான். இவளைக் கண்டதும் இரண்டு பேரும் கப்சிப்.

பின்னறையில் வைத்து மடக்கினாள்.

"எந்தக் கம்பெனிக்காரன் சொன்னான்? பொண்ணு கத்தினா விக்காதுன்னானா?"

"அதெல்லாம் இல்ல. மறுபடி பாடு, பதிஞ்சுக்கலாம்."

"கோவம் என்ன குழாயா, திறந்ததும் கொட்ட? பழைய டேப்பை எடு."

"வேணாம் சைரன். விட்டுடு."

"விட மாட்டேன். தன்னைத் திட்டின பாட்டுன்னு எங்கம்மா உன்னைக் கைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. சேர்ந்து என் வாயை அடைச்சுட்டீங்க. சொல்லு, கூட்டுதானே?"

அவன் கிதாரைக் கீழே வைத்தான்.

"கூட்டுதான். நீ கத்திட்டிருந்தப்ப வீட்டு ஓனர் வந்து, உடனே காலி பண்ணுங்கன்னு குதிச்சிருக்கார். 'எம்பொண்ணு பாடி முடிக்கட்டும் சார், உங்க கால்ல விழறேன்'னு அம்மா அழுதது, நீ மூச்சு வாங்குற இடத்துலெல்லாம் பதிஞ்சிருக்கு. ஒரே மைக்கு, பிரிக்க முடியல. அவங்ககிட்டயே போய்க் கேட்டேன். 'அழிச்சிடுப்பா, இதைக் கேட்டா அவ கத்துறதை நிறுத்திடுவா'ன்னாங்க."