காலிப் பெட்டிகள்

கட்டிலுக்கடியில் பெருக்கும்போதுதான் மில்ட்ரெட் பார்த்தாள். ஒரிஜினல் ஆயில் ஃபில்டரின் காலி அட்டைப்பெட்டிகள், நாற்பதுக்கு மேல்.

அவள் கணவர் மரியஜோசப்புக்கு புனே பக்கம் போசரியில் ஒரு வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. இரண்டு மாதமாக ஒரிஜினல் சரக்கே வரவில்லை என்று அவர்தான் சொல்லியிருந்தார். அப்படியென்றால் மட்டமானதை இதில் அடைத்து விற்கிறாரோ?

மாலையில் அவர் வந்ததும் கேட்டுவிட்டாள். "இதுல எதைப் போட்டு விக்கிறீங்க?"

"நான் விக்கல. டூப்ளிகேட்டை அடைக்க, மெக்கானிக்குங்ககிட்ட காலிப் பெட்டி வாங்கிட்டு வரச் சொல்றது முதலாளி. வேற யார் கையிலயும் சிக்கக் கூடாதுன்னு வாங்கி, அவர்கிட்ட கிடைக்கலன்னு சொல்லிட்டு இங்க கொண்டாந்துடறேன்."

"தெரிஞ்சா வேலை போயிடுமே?"

"போயிடும்."

மில்ட்ரெட் கத்தரிக்கோலை எடுத்து வந்து, முதல் பெட்டியைக் குறுக்கே வெட்டினாள்.