பாடி மேம்பாலத்துக்குக் கீழே

அப்பா பிரகாசத்துக்குக் காலையில் திடீரென்று வாய் கோணிக்கொண்டது. "உடனே ஸ்கேன் எடுங்க. நேரம் போனா கை கால் விழுந்துடும்" என்றார் டாக்டர். டூல்ஸ் பையைப் பட்டாபிராம் வீட்டிலேயே போட்டுவிட்டு, ரூபஸ் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆவடி ஸ்கேன் சென்டருக்குக் கொண்டுவந்தான்.

உட்கார்ந்ததும் செல்போன் அடித்தது. ஏசி கம்பெனி சூப்பர்வைசர் வேம்புலி.

"ரூபஸு, அவசர கம்ப்ளெய்ன்ட்டு. லொகேஷன் அனுப்பிக்கீறேன். எங்க கீற?"

இன்னொரு லீவு கேட்டால் வேலை போய்விடும்.

"போய்கினே கீறேன் அண்ணாத்தே. பாடி மேம்பாலத்துக்குக் கீழ வண்டி பஞ்சர். ஒட்டிகினு போய்டுறேன்."

எல்லா மெக்கானிக்கும் சொல்கிற பொய்தான். வந்த லொகேஷனை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரமாகியும் அப்பாவை உள்ளே கூப்பிடவில்லை. அவருடைய வலது கை துவண்டு தொங்கியது. ரூபஸ் கவுண்டரை ஓங்கித் தட்டினான்.

"இன்னாம்மா, ஆளு சாவுற வரைக்கும் ஒக்கார வெச்சிருப்பியா?"

"கத்தாதீங்கண்ணா. ஸ்கேன் ரூம்ல ஏசி நின்னுபோச்சு. கூலிங் இல்லாம மெஷினைப் போட முடியாது."

"எவன் அந்த மெக்கானிக்கு? அவன் ஊட்ல இப்டி ஆனாத்தான் அவனுக்குத் தெரியும்!"

"நாங்களும் போன் போட்டுக்கிட்டேதான் இருக்கோம். பாடி மேம்பாலத்துக்குக் கீழ வண்டி பஞ்சராம்."

ரூபஸ் லொகேஷனைத் திறந்து வழி கேட்டான்.

வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது செல்போன்.