மூலை நாற்காலிக்காரர்

“ஆள் வந்தாச்சு பிச்சமுத்து சார்!” மேனேஜர் ஹரிஹரசுதன் காதோடு கிசுகிசுத்தார். “நாம மீட்டிங் எப்படி நடத்துறோம்னு ஹெட் ஆபீஸ்லேர்ந்து சொல்லாம கொள்ளாம வந்து பார்ப்பாங்கன்னு மெயில் வந்துச்சுல்ல?”

மீட்டிங் ரூமின் மூலை நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திருச்சி வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மடியில் நீல ஃபைல்.

“யாருன்னு கேட்டீங்களா சார்?”

“பெரிய எடத்து ஆளைப் போயி யாருன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?”

பிச்சமுத்துவுக்கு அலுப்பாக இருந்தது. வாழைக்கன்று விற்கும் அந்தக் கம்பெனியில், திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆரம்பிக்கும் மீட்டிங் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் முடியும். மேனேஜர் பேசுவார், மற்றவர்கள் கொட்டாவியை அடக்குவார்கள்.

இரண்டு மாதம் முன்பு சேர்ந்த ரஞ்சனி அன்று காலையிலேயே கெஞ்சிப் பார்த்திருந்தாள். “பதினோரு மணிக்காவது விட்ருங்க சார். ஸ்ரீரங்கம் போயி எங்க வீட்டுக்காரரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். போன வாரம் லேட்டாப் போனதால பாதியில முடிச்சுட்டாங்க. ராத்திரி பூரா மூச்சு வாங்குச்சு.”

“மீட்டிங் முடியட்டும்மா” என்றுவிட்டார் மேனேஜர். பக்கத்தில் நின்ற பிச்சமுத்துவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ரிட்டயராக இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

ரஞ்சனி உள்ளே வந்தாள். மூலையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மேனேஜர் பேச ஆரம்பிக்கவும் நோட்டைத் திறந்துகொண்டாள்.

மேனேஜர் அன்று வேறு மனிதராக இருந்தார். “மூணே விஷயம்தான். முதல்ல நீங்கள்லாம் சொல்லுங்க, கடைசியா நான் பேசறேன். தொட்டியம் போற கன்று ஏன் வாடிப்போகுது?”

“லாரி மத்தியான வெயில்ல கிளம்புது சார். விடியக்காலம் ஏத்தினா வாடாது” என்றார் பிச்சமுத்து.

“இதை ஏன் சார் இத்தனை நாளா சொல்லல?”

“கேட்டாத்தானே சார்?”

யாரோ சிரித்தார்கள். அந்த ரூமில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ மாதமாயிற்று.

டீ வந்தது. மூலை நாற்காலிக்காரர் கும்பிட்டு மறுத்துவிட்டார். தண்ணீரும் வேண்டாம் என்றார்.

“பச்சத்தண்ணிகூட வாங்கிக்கல. கறாரான ஆளு” என்று மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பத்தே முக்காலுக்கு மீட்டிங் முடிந்தது. பிச்சமுத்து நம்ப முடியாமல் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார்.

மேனேஜர் மூலைக்கு ஓடினார். “மீட்டிங் எப்படிங்க சார் இருந்துச்சு?”

“சீக்கிரம் முடிஞ்சிருச்சுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” நாற்காலியைப் பிடித்து எழுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

ரஞ்சனி அருகில் வந்து, அவர் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டு கை கொடுத்தாள்.

“நல்ல வேளை, நீங்களே பஸ் ஏறி வந்துட்டீங்க. வாங்க, டயாலிசிஸுக்கு நேரமாச்சு.”