ஓட்டுக்கு முன் ஒரு சத்தியம்

மாகாண சபையில் இரண்டு முறை அமர்ந்த ஹெக்டர் மக்ஃபெயில், இம்முறை கனடாவின் ஒட்டாவா நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். ரகசிய வாக்குச்சீட்டு வராத காலம் அது; நிலம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, ஊர் கேட்க வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் ஓட்டு.

பொழுது சாயும்போது இரு தரப்பும் சமமாக நின்றன. சமமாகவே முடிந்தால் தேர்தல் அதிகாரியின் ஓட்டு எதிராளிக்குத்தான் என்பது ஊரறிந்த விஷயம்.

"லாக்லன் கிழவர் ஒருத்தர்தான் பாக்கி," என்றான் டொரன்டோவிலிருந்து வந்திருந்த ஏஜென்ட். "ஆனா ஐயா, அவர் உங்ககிட்ட ஒரு வருஷமா பேசுறதே இல்லையாமே?"

"அது வேற விஷயம்."

"எதிராளி விஸ்கியை ஊத்தியிருந்தா?"

"குடிக்கிற ஆள் இல்லை அவர்," என்றார் ஹெக்டர்.

கிழவர் மேடையேறினார். கூட்டம் அடங்கியது.

"ஹெக்டர் மக்ஃபெயில்!"

தொப்பிகள் வானில் பறந்தன.

"இருங்கய்யா!" எதிராளியின் ஆள் கத்தினான். "நிலம் இவர் பேர்லதான் இருக்குன்னு சத்தியம் பண்ணட்டும்!"

அதிகாரி பைபிளை நீட்டினார். கிழவரின் கை பாதியில் நின்றது.

"தொடுங்க," என்று ஹெக்டர் மேடையோரம் வந்து கிசுகிசுத்தார். "ஒரு வார்த்தைதானே! தொட்டுச் சொல்லிடுங்க."

கிழவர் கையை இழுத்துக்கொண்டார்.

"மாகாண சபைக்குச் சொத்து கேக்கலை, ஒட்டாவாவுக்குச் சொத்து இருந்தாத்தான் வேட்பாளரா நிக்க முடியும்னே. இருந்த நிலத்தையெல்லாம் உன் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போ பொய்ச் சத்தியமும் வேணுமாடா, மகனே?"